நிற்கத் தெரிந்த பிறகு கிளம்புங்கள்



என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்த ஒருவன் போன வாரம் போன் செய்தான். இப்போது டொராண்டோ பக்கம் வேலை. "டீச்சர், கிறிஸ்துமஸ் லீவுல புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு கார்லயே ஸ்கீயிங் போகலாம்னு இருக்கோம். யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நீங்கதான் மக வீட்டுக்குப் போயிட்டு வந்து பனி போட்டோவா போடுறீங்களே, எப்படி ப்ளான் பண்றது?" என்று கேட்டான். முன்பே இன்னும் மூன்று நாலு பேர் கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் படியுங்கள்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் காலில் ஸ்கீ மாட்டியதே இல்லை. அறுபத்து நாலு வயதில் என் முட்டி அதற்கு ஒத்துழைக்காது. இரண்டு குளிர்காலம் மகள் குடும்பத்தோடு காரில் போய், மலையடிவாரக் கூடத்தில் பிளாஸ்க்கும் பையுமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள், அவ்வளவுதான். ஆனால் முப்பத்து நாலு வருஷம் ஆரம்பப் பள்ளியில் வேலை பார்த்தவளுக்கு, ஒன்றுமே தெரியாதவன் ஒரு விஷயத்தை எப்படிக் கற்றுக்கொள்கிறான் என்பது கொஞ்சம் புரியும். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

எந்த மலை, எந்த ஓட்டல், எவ்வளவு செலவு என்றுதான் எல்லோரும் திட்டம் போடுகிறார்கள். எங்கே நிறுத்துவது, யார் சொன்னால் நிறுத்துவது என்று யாரும் பேசுவதில்லை. குளிர்காலப் பயணத்துக்கு அதைத்தான் முதலில் பேச வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்றால், எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மாப்பிள்ளையிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. மாப்பிள்ளை ஆபீஸ் முடிந்து வந்ததும் சாயங்காலம் ஐந்தரைக்குக் கிளம்பினோம். மறுநாள் காலை ஒன்பதரைக்கு நாலு பேருக்கும் ஸ்கீ வகுப்பு, பணம் கட்டியாயிற்று. நெடுஞ்சாலை 400-ல் வடக்கே போகிறோம். டொராண்டோவில் வானம் தெளிவாக இருந்தது. பேரி என்கிற ஊர் தாண்டி ஜார்ஜியன் விரிகுடாப் பக்கம் திரும்பிக் கொஞ்ச தூரம்தான், யாரோ வெள்ளைத் துணியைக் கண்ணாடிமேல் போர்த்திய மாதிரி ஆகிவிட்டது. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

மகள், "மெதுவாப் போங்க" என்றாள். மாப்பிள்ளை, "இன்னும் நாப்பது கிலோமீட்டர்தான், காசு கட்டியாச்சு, போயிரலாம்" என்றார். எனக்கு நெஞ்சு படபடத்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளை கார் ஓட்டும்போது மாமியார் குறுக்கே பேசினால் நன்றாக இருக்காது என்று பேசாமல் இருந்துவிட்டேன். அறுபது பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்காரவைத்தவள், அன்றைக்கு இருபது நிமிஷம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஒன்பது வயதுப் பேத்திதான் பேசினாள். "அப்பா, ரோட்டுல கோடு தெரியல."

அவ்வளவுதான் சொன்னாள். மாப்பிள்ளை ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அடுத்து வந்த பெட்ரோல் பங்கில் வண்டியை ஒதுக்கினார். பக்கத்தில் ஒரு சின்ன விடுதியில் அறை கிடைத்தது. மறுநாள் காலையில்தான் தெரிந்தது, நாங்கள் போக இருந்த சாலையை ராத்திரியே போலீஸ் மூடிவிட்டிருந்தார்கள். ஒன்பதரை மணி வகுப்பு போயிற்று, கட்டின பணமும் போயிற்று. போகட்டும்.

இதில் மாப்பிள்ளையைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அவர் நிதானமான மனிதர். 'காசு கட்டியாச்சு' என்ற வார்த்தைக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. தப்பு என்னுடையதும்தான். ஒன்பது வயதுக் குழந்தை சொன்னதை நான் இருபது நிமிஷம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். மரியாதை என்று நினைத்து, பின்சீட்டில் இருந்த இரண்டு குழந்தைகளின் உயிரை மறந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதனால் இப்போது எங்கள் வீட்டில் ஒரு சட்டம். காரில் இருக்கிற யார் 'நிறுத்து' என்றாலும் அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்த வேண்டும். ஆறு வயதுப் பேரன் சொன்னாலும் சரி, ஆச்சி சொன்னாலும் சரி. ஏன் என்று நின்ற பிறகு பேசிக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முன்பே இதை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட வேண்டும். பேரன் இரண்டு தடவை சும்மா சொல்லிப் பார்த்தான். இரண்டு தடவையும் நிறுத்தினார்கள். மூன்றாவது தடவை அவனே சொல்லவில்லை.

அந்தப் பனி எங்கிருந்து திடீரென்று வந்தது என்று கேட்பீர்கள். நான் உங்களுக்கு நடத்திய வடகிழக்குப் பருவமழைப் பாடம்தான். வறண்ட காற்று வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து நம் கரையில் மழையாகக் கொட்டுகிறது இல்லையா? அங்கே குளிர்ந்த காற்று, இன்னும் உறையாத பெரிய ஏரிமேல் வரும்போது ஈரத்தை எடுத்துக்கொண்டு கரையில் பனியாகக் கொட்டுகிறது. அது அகலம் குறைந்த பட்டையாக வரும். இங்கே வெயில் அடிக்கும், பத்து கிலோமீட்டர் தள்ளி ஒன்றும் தெரியாது. வீட்டு ஜன்னலைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். ஒன்டாரியோவில் 511 என்ற அரசு சேவையில் சாலை நிலவரம் பார்க்கலாம். கிளம்பும் முன் ஒரு தடவை, நடுவில் நின்று டீ குடிக்கும்போது ஒரு தடவை பாருங்கள்.

டிசம்பர் கடைசியில் அங்கே நாலே முக்காலுக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். வேலை முடிந்து கிளம்புவது என்றால் முழுக்க இருட்டில்தான் ஓட்டம். சனிக்கிழமை காலை விடிந்த பிறகு கிளம்புங்கள். வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்குப் போடுங்கள். பணம் கட்டும்போதே, வர முடியாவிட்டால் தேதி மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். மாற்றித் தருகிற இடமாக இருந்தால் பத்து டாலர் கூடப் போனாலும் பரவாயில்லை. ராத்திரியில் நிறுத்துகிற தைரியத்தை அந்தப் பத்து டாலர் கொடுக்கும்.

டயர் விஷயம். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. அதனால் பலர் போடுவதில்லை. சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனால் இறுகிவிடும், பிடிப்பு குறையும். மலையும் பனிச்செதிலும் போட்ட முத்திரை டயரின் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். 2016 ஜனவரி முதல் ஒன்டாரியோவில் குளிர்கால டயர் போட்டவர்களுக்குக் கார் இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தர வேண்டும் என்று விதியும் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்குக் குளிருமே என்று மொத்த ஜாக்கெட்டோடு கார் சீட்டில் வைத்துப் பட்டை போடாதீர்கள். மோதினால் ஜாக்கெட்டில் இருக்கிற காற்று அமுங்கி, பட்டை தொளதொளவென்று ஆகிவிடும். ஜாக்கெட்டைக் கழற்றி, பட்டையை இறுக்கிப் போட்டுவிட்டு, மேலே ஒரு போர்வையைப் போர்த்துங்கள். டிக்கியில் மண்வாரி, போர்வை, டார்ச், தண்ணீர், கொஞ்சம் தின்பண்டம் இருக்கட்டும். பனியில் மாட்டிக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். ஹீட்டருக்காக எஞ்சினைப் போடுவதற்கு முன் புகைக்குழாயை அடைத்திருக்கும் பனியைத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் விஷப்புகை உள்ளே வந்துவிடும், அதற்கு வாசனை கிடையாது.

சரி, மலைக்கு வருவோம்.

வகுப்பு போயிற்றே என்ற வருத்தத்தில் மாப்பிள்ளை, "நானே சொல்லித்தர்றேன் அத்தை" என்று பேரனைக் கூட்டிக்கொண்டு போனார். அவரே அதற்கு முன் இரண்டு தடவைதான் ஸ்கீ போட்டவர். நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "முட்டியை மடக்கு, முன்னால பாரு, குச்சியை ஊன்று, இப்ப திரும்பு" என்று ஒரே மூச்சில் நாலு கட்டளை. பையன் விழுந்தான். எழுந்தான். மறுபடி விழுந்தான். ஆறாவது தடவை எழுந்திருக்கவே இல்லை, படுத்துக்கொண்டே அழுதான். "இனி நான் வர மாட்டேன்" என்று பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டான்.

மறுநாள் அதே பையனை ஒரு பயிற்றுநரிடம் விட்டோம். இருபது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. முதலில் ஒரு காலில் மட்டும் ஸ்கீ மாட்டி நடக்க விட்டாள். பிறகு எப்படி விழுவது, விழுந்தால் எப்படி எழுந்திருப்பது. அப்புறம் இரண்டு ஸ்கீயின் முனைகளையும் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, பிட்சாத் துண்டு மாதிரி வைக்கச் சொன்னாள். அப்படி வைத்தால் வேகம் குறைந்து நின்றுவிடும். ஒரு மணி நேரம் முழுக்க அவள் சொல்லித்தந்தது நிற்பதற்குத்தான். வேகமாகப் போவதற்கு ஒரு வார்த்தை இல்லை. பனி தானாகவே கீழே இழுத்துக்கொண்டு போகும், அதற்குப் பாடம் எதற்கு? நிற்கத் தெரிந்ததும் பையன் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை.

நான் டிரெய்னிங்கில் படித்ததும் இதுதான். ஒரு நேரத்தில் ஒரு பாடம். பயத்தை எடுத்த பிறகுதான் மற்றதெல்லாம். அங்கே ஸ்கீ கற்றுத்தருகிறவர்களுக்கென்று கனேடியன் ஸ்கீ இன்ஸ்ட்ரக்டர்ஸ் அலையன்ஸ் என்ற அமைப்பு 1938-லிருந்தே இருக்கிறது, படிப்படியாகச் சான்றிதழ் தருகிறார்கள். விழுவதைக் கற்றுத்தரவும் ஒரு படிப்பு இருக்கிறது என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆகவே அப்பாமார்களே, ஓட்டலில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆசிரியருக்குக் கொடுக்கிற பணத்தைக் குறைக்காதீர்கள். நீங்களும் குழந்தைகளோடு சேர்ந்து மாணவனாக நில்லுங்கள். அப்பா விழுந்து எழுந்திருப்பதைப் பார்க்கிற குழந்தைக்கு அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும், முதல் வருஷம் எதையும் வாங்காதீர்கள். வாடகைக் கவுன்ட்டரில் எடை, உயரம், வயது கேட்பார்கள். விழும்போது ஸ்கீ காலிலிருந்து எப்போது கழன்றுகொள்ள வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் திருகி வைக்கிறார்கள். அங்கே போய் வெட்கப்பட்டு ஆறு கிலோ குறைத்துச் சொல்லாதீர்கள். (என் மகள் இதைப் படிப்பாள்.) காலுறை நீளமாக ஒரே ஒரு ஜோடி போதும், இரண்டு போட்டால் பூட்ஸ் கடிக்கும். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் குளிர் எலும்பில் ஏறும். சரிவில் உங்களுக்குக் கீழே போகிறவருக்குத்தான் முதல் உரிமை, மேலிருந்து வருகிறவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும்.

முதல் தடவையே முந்நூறு கிலோமீட்டர் போக வேண்டும் என்று யார் சொன்னது? டொராண்டோ மாநகராட்சியே ஏர்ல் பேல்ஸ் பூங்காவில் ஒரு சின்னச் சறுக்குமேடு நடத்துகிறது. முதலில் அங்கே அரை நாள் போய், பிள்ளைகளுக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால் அடுத்த மாதம் பயணம் வையுங்கள். சறுக்கி முடித்த அன்றைக்கே சாயங்காலம் காரை எடுக்காதீர்கள். கால் ஓய்ந்து, கண் சொருகும். ஒரு ராத்திரி தூங்கி, காலையில் கிளம்பி வாருங்கள்.

ஊரிலிருந்து மணாலி போகிற பிள்ளைகளுக்கும் இதேதான். சோலாங் பள்ளத்தாக்கில் கால் மணி நேரம் ஸ்கீ மாட்டி, யாரோ கையைப் பிடித்து இழுக்க, போட்டோ எடுத்துவிட்டு வருவது கற்றுக்கொண்டது ஆகாது. ஆசை உண்மையாக இருந்தால், மணாலியில் இருக்கிற வாஜ்பாய் மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தில் குளிர்காலத்தில் அடிப்படைப் பயிற்சி உண்டு, விசாரியுங்கள். அந்தச் சாலையில் உறைந்த பனி கண்ணுக்கே தெரியாது. உள்ளூர் டிரைவர் "இன்னைக்கு வேண்டாம்" என்றால் வாக்குவாதம் செய்யாமல் அறையில் உட்கார்ந்து சூடாக ஒரு டீ குடியுங்கள்.

போன் செய்தவனுக்கு நான் சொன்னது இதுதான்: "தம்பி, மலை அங்கேயேதான் இருக்கும். இந்த வாரம் இல்லேன்னா அடுத்த வாரம் போ." அவன் சிரித்தான். "சரி டீச்சர், நாங்களும் வீட்டுல அந்தச் சட்டம் போட்டுடறோம்" என்றான்.

நீங்களும் போடுங்கள். உங்கள் வீட்டில் பின்சீட்டில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற அம்மாவிடமும் மாமியாரிடமும், "பயமா இருந்தா சொல்லுங்க, நிறுத்துறேன்" என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். பிள்ளைகள் விழுகிற போட்டோவும் போடுங்கள், எழுந்து நிற்கிற போட்டோவும் போடுங்கள். எல்லோரும் பத்திரமாகப் போய் வாருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்