சதுரங்கக் குதிரைக்கு அம்மா கிடையாது

"கேம்தானே பாஸ், அதுல போய் லாஜிக் தேடிக்கிட்டு இருக்கீங்க?"

கணினி விளையாட்டின் கதையைப் பற்றி யாராவது நாலு வரி தீவிரமாகப் பேசிவிட்டால் உடனே வந்து விழும் வாக்கியம் இது. சொல்பவர்களில் இரண்டு வகை உண்டு. விளையாட்டே ஆடாத இலக்கிய வாசகர்கள் ஒரு வகை. இருநூறு மணி நேரம் ஆடித் தீர்த்துவிட்டு, தங்களுக்குப் பிடித்த பாத்திரத்தை மட்டும் யாரும் கேள்வி கேட்டுவிடக் கூடாது என்று இந்த வாக்கியத்தைக் கேடயமாகத் தூக்குகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையினரை விட்டுவிடலாம், அவர்களுக்குத் தெரியாது. இரண்டாம் வகையினரோடுதான் எனக்குச் சண்டை.

2019இல் நின்டெண்டோ ஸ்விட்சில் வந்த 'ஃபயர் எம்ப்ளம்: த்ரீ ஹவுசஸ்' விளையாட்டை எடுத்துக்கொள்வோம். ஃபோட்லான் என்றொரு கற்பனைக் கண்டம். அதில் ஒரு பேரரசு, ஒரு முடியரசு, ஒரு கூட்டமைப்பு, எல்லோருக்கும் நடுவில் ஒரு மடாலயம். மடாலயப் பள்ளியில் நாம் வாத்தியார். மூன்று வகுப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பாடம் நடத்துகிறோம், சேர்ந்து டீ குடிக்கிறோம், பிறந்தநாளுக்குப் பூ கொடுக்கிறோம். பிறகு போர் மூள்கிறது. ஐந்தாண்டு கழித்து, நாம் நம் பக்கம் இழுக்காமல் விட்ட பிள்ளைகள் எதிர்ப்படையில் நிற்கிறார்கள். கிளாசிக் முறையில் ஆடினால், செத்தவர் செத்தவர்தான். திரும்பி வரமாட்டார்.

சதுரங்கத்தில் ஒரு குதிரையை வெட்டுகிறோம், அது ஏன் நம்மேல் பாய்ந்தது என்று யோசிப்பதில்லை. சதுரங்கக் குதிரைக்கு அம்மா கிடையாது. இந்த விளையாட்டின் குதிரை வீரனுக்கு அம்மா, அண்ணன், கெட்ட கனவு எல்லாம் இருக்கின்றன. பெயரும் வீடும் கொடுத்துவிட்ட ஒருவனை என் கட்டளையில் கொல்ல வைக்கும் கதை, அவன் ஏன் அங்கே நிற்கிறான் என்பதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். படத்தில் லாஜிக் இடித்தால் ரசிகன் சிரித்துவிட்டுப் போகலாம். இங்கே பட்டனை அழுத்துவது நம் விரல்.

பெரிய தகராறு எடல்கார்டைப் பற்றியது. ஃபோட்லானில் 'க்ரெஸ்ட்' என்ற ரத்த அடையாளத்தோடு பிறந்தவனுக்குத்தான் பதவி, சொத்து, கல்யாணச் சந்தையில் விலை. தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த அடையாளத்தைச் செயற்கையாக ஏற்றும் சோதனையில் உடன்பிறந்தவர்களைப் பறிகொடுத்தவள் எடல்கார்ட். அவள் பேரரசியாகி, இந்த ஏற்பாட்டுக்குக் காவல் நிற்கும் மடாலயத்தின் மீது படையெடுக்கிறாள். அவள் புரட்சிக்காரியா, சர்வாதிகாரியா? விளையாட்டு வந்த நாளிலிருந்து இந்தச் சண்டை ஓயவில்லை.

ஓயாததற்குக் காரணம், மூன்று கேள்விகளை ஒரே கேள்வியாகக் குழப்புவது. பாத்திரம் தனக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாக முடிவெடுத்ததா? அந்த முடிவு நியாயமா? எழுதியவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்களா?

முதல் கேள்விக்கு என் தொழிலிலிருந்து ஒரு சொல் உதவும்: ஸ்கோப். ஒரு ஃபங்ஷனுக்குத் தன் எல்லைக்குள் இருக்கும் மதிப்புகள் மட்டுமே தெரியும். வெளியே என்ன இருக்கிறது என்று அதைக் குற்றம் சொல்ல முடியாது. நாம் நான்கு பாதைகளையும் ஆடி, நெமசிஸ் என்பவன் பெண் தெய்வத்தைக் கொன்று அதன் எலும்பில் ஆயுதம் செய்தான் என்ற உண்மையைக் கடைசியில் தெரிந்துகொள்கிறோம். எடல்கார்டுக்கு அது தெரியாது. பேரரசர் பரம்பரையில் வாய்வழி வந்த அரைகுறை வரலாறுதான் அவளிடம் இருக்கிறது. அப்புறம் டிமிட்ரி. தன் தகப்பனைக் கொன்ற சதியின் தலைவி எடல்கார்ட் என்று நம்புகிறான். அப்போது அவள் சின்னப் பெண், கணக்கு உதைக்கிறது, ஆகவே இது கதை ஓட்டை என்று எழுதுகிறார்கள். செத்தவர்களின் குரல் காதில் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவன் வயதுக் கணக்கா போடுவான்? அவன் தப்புக் கணக்கு போடுவதுதான் அந்தப் பாத்திரம்.

நிஜமான ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. எடல்கார்டின் பாதை 18 அத்தியாயங்களில் முடிந்துவிடுகிறது, டிமிட்ரிக்கு 22. அவள் குடும்பத்தைச் சிதைத்த நிலத்தடிக் கூட்டத்தோடு கைகோத்துத்தான் அவள் போரை நடத்துகிறாள். அவர்களைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். அந்தப் 'பிறகு' நம் கையில் வருவதேயில்லை. இறுதியில் சில வரி எழுத்தாக ஓடி மறைகிறது. கூட்டணியின் விலையை ஆடுகிறவன் தலையில் ஏற்றாமல் விட்டது எழுதியவர்களின் பிழை. இதைச் சொன்னால் எடல்கார்ட் ரசிகர்களுக்குக் கோபம் வருகிறது. பாத்திரத்தை விமர்சிப்பதும் எழுத்தை விமர்சிப்பதும் வேறுவேறு என்பதுகூடப் புரியாத கோபம்.

ஒரே போரை இரண்டு பக்கமும் நின்று பார்ப்பது ஜப்பான்காரர்களின் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்கு எங்கள் ஊர்க் கதை ஒன்று. நான் தருமபுரிக்காரன். பழைய பெயர் தகடூர், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன் என்ற வகையில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தகடூரை அழித்தவன் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை. வில்லன் என்று முடிவு கட்டிவிடலாமா? முரசுகட்டில் என்று தெரியாமல் அதில் ஏறித் தூங்கிவிட்ட மோசிகீரனாரை வெட்டாமல், அவர் விழிக்கும் வரை கவரி வீசியவனும் இதே 'தகடூர் எறிந்த' சேரன்தான். புறநானூறு சொல்கிறது. அதியமான் மட்டும் என்ன, மலையமான் காரியின் கோவலூரை அடித்து நொறுக்கியவன். இருவருமே புலவர்களுக்கு நல்லவர்கள், இருவருமே ஊரை எரித்தவர்கள்.

இதைவிட முக்கியம் அரிசில்கிழார். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் தகடூரை வென்ற சேரனைப் பாடியவர் அவர். அதே போரில் மாண்ட தகடூர் எழினிக்காகப் புறநானூற்றில் அழுதவரும் அவரே. வென்றவனுக்கும் மாண்டவனுக்கும் ஒரே புலவர். இருவரில் எவன் நல்லவன் என்ற பட்டிமன்றம் அவருக்குத் தேவைப்படவில்லை. இவன் வென்றான், அவன் போனதால் இவ்வளவு இழப்பு. இரண்டையும் பதிவு செய்தார். நாம் என்ன செய்கிறோம்? பாதையைத் தேர்ந்தெடுத்தவுடன் கட்சி உறுப்பினர் அட்டை வாங்கிக்கொள்கிறோம்.

கட்சி கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ரியாவின் வழக்கைப் பாருங்கள். எடல்கார்ட் பாதையின் கடைசிக் கட்டத்தில், மடாலயத் தலைவி ரியா, பகைவரைத் தடுக்க ஃபிர்டியாட் நகரத்துக்கே தீ வைக்கச் சொல்கிறாள், உள்ளே மக்கள் இருக்கும்போதே. அவளுடைய ரசிகர்கள் உடனே காரணம் எடுத்து வருகிறார்கள்: தாயை இழந்தவள், இனமே அழிக்கப்பட்டதைப் பார்த்தவள், பாவம். எல்லாம் உண்மை. அந்தக் காரணம் அவள் ஏன் செய்தாள் என்பதை விளக்குகிறது. நெருப்புக்குள் இருந்தவனுக்கு அதில் ஒரு பதிலும் இல்லை.

தருமபுரிக்காரன் இதை விளையாட்டாகப் பேச முடியாது. 2000 பிப்ரவரி 2 அன்று, ஜெயலலிதாவுக்கு ஒரு வழக்கில் தண்டனை வந்த கோபத்தில், இலக்கியம்பட்டியில் கல்விச் சுற்றுலா வந்த வேளாண் பல்கலைக்கழகப் பேருந்தை அதிமுகவினர் கொளுத்தினார்கள். மூன்று மாணவிகள் எரிந்து இறந்தார்கள். மூவருக்கு விதித்த தூக்கை, கும்பல் ஆவேசத்தில் நடந்தது, திட்டமிட்ட கொலை இல்லை என்று 2016இல் உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2018இல் அவர்கள் விடுதலையானார்கள். தூக்கே வேண்டாம் என்பவன் நான்; தண்டனைக் குறைப்போடு எனக்குத் தகராறு இல்லை. தண்டனையை எடை போட நோக்கத்தைப் பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் "கொல்லணும்னு பண்ணல, தலைவி மேல இருந்த பாசம்" என்று அதே வாதத்தை வெளியே யாராவது இழுக்கும்போது, அது விடுதலைப் பத்திரமாக மாறிவிடுகிறது. ரியாவுக்கு வக்காலத்து வாங்கும் வாயும் இதைச் சொல்லும் வாயும் ஒரே பழக்கத்தில் ஊறியவை. நம்மாள் என்றால் நோக்கத்தைப் பேசு, எதிராளி என்றால் செயலைப் பேசு.

அதனால்தான் கதையின் லாஜிக்கைத் தோண்டுவது வெட்டிவேலை இல்லை என்கிறேன். எதிராளிக்கும் நோக்கம் உண்டு, நம்மாளுக்கும் செயல் உண்டு என்பதை, யார் வீடும் எரியாத ஓர் இடத்தில் பழகிப் பார்க்க நமக்குக் கிடைத்த வாய்ப்பு இது.

எடல்கார்ட் பக்கமே நின்று ஆடுங்கள். க்ரெஸ்ட் ஒழிய வேண்டும் என்பதில் நானும் அவள் கட்சிதான். ஆனால் அரியன்ராட் கோட்டை தரைமட்டமாகும் இடம் ஒன்று வரும். அழித்தது அவளுடைய கூட்டாளிகள். அவளோ தன் படையிடம், மடாலயம்தான் செய்தது என்று பொய் சொல்வாள். அந்த இடத்தில் மட்டும் ஸ்கிப் பட்டனை அழுத்தாதீர்கள்.