வாக்கும் கயிறும்

பிறர் வாங்கும் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதிலே மனிதருக்கு ஒரு தனி இன்பம் உண்டு. அச்சம்பளத்தை வாங்குகிறவர் ஒரு விளையாட்டு வீரராகவும், "இனி இக்கழகத்துக்கு ஆடமாட்டேன்" என்று சொல்லி வீட்டிலே அமர்ந்துவிட்டவராகவும் இருந்தால் கேட்கவும் வேண்டுமா? நேற்றுவரை அவரைத் தோளிலே தூக்கி வைத்துக் கொண்டாடியவர்களே இன்று நன்றி கெட்டவர் என்று தூற்றத் தொடங்கிவிடுவார்கள்.

2025ஆம் ஆண்டின் கோடையிலே, இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாஸில் நகரத்தில் இதுவே நிகழ்ந்தது. அலெக்ஸாண்டர் இசாக் என்னும் சுவீடன் நாட்டு வீரர் அந்நகர் உதைபந்தாட்டக் கழகத்தின் முன்வரிசையிலே ஆடியவர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் லிவர்பூல் கழகத்தை 2-1 என்று வென்று நியூகாஸில் லீக் கிண்ணத்தைக் கைப்பற்றியபோது, அவ்விரு கோல்களுள் ஒன்றை அடித்தவர் அவரே. எழுபது ஆண்டுகளுக்குப் பின் அக்கழகத்துக்குக் கிடைத்த முதல் உள்நாட்டுக் கிண்ணம் அது. ஐந்து மாதங்கள் கழியுமுன்னரே, தாம் தோற்கடித்த அதே லிவர்பூலுக்குப் போகவேண்டுமென்று அவர் ஆட மறுத்தார். அவருடைய ஒப்பந்தமோ 2028 வரை நீண்டிருந்தது.

இரசிகர்கள் இரு கட்சியாயினர். "கைச்சாத்திட்ட கை யாருடையது? மூன்று ஆண்டு எஞ்சியிருக்க மறுப்பது நியாயமா?" என்றது ஒரு கட்சி. "கழகத்துக்கு ஒருவன் வேண்டாதவனானால் ஒப்பந்தம் இருக்கும்போதே அவனை ஒதுக்கி வைத்து வெளியேற்றப் பார்ப்பதில்லையா? வீரன் செய்தால் மட்டும் துரோகமா?" என்றது மறு கட்சி. தமக்கு அளித்த வாக்குறுதிகள் மீறப்பட்டன என்றார் இசாக். அப்படியொரு வாக்குறுதி அளிக்கவேயில்லை என்றது கழகம். முடிவில், செப்டம்பர் முதலாந் தேதி, 12 கோடியே 50 இலட்சம் பவுணுக்கு அவர் லிவர்பூலுக்குச் சென்றார். அதுவரை பிரித்தானியக் கழகம் எதுவும் ஒரு வீரருக்கு அவ்வளவு பெருந்தொகை கொடுத்ததில்லை.

இவ்வழக்கிலே தீர்ப்புக் கூறுமுன், நேயர்களை நாம் ஒரு பழைய கதைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம். நகரம் அதே நியூகாஸில், கழகமும் அதுவே. ஆண்டு மட்டும் 1960.

அப்போது அக்கழகத்தின் கண்மணியாக விளங்கியவர் ஜோர்ஜ் ஈஸ்ட்ஹாம். மெலிந்த தேகம், ஆயினும் இடது காலிலே பந்து வந்து சேர்ந்துவிட்டால் அதை எங்கு அனுப்பவேண்டுமென்று அறிந்த நுண்மதி. கழகம் தமக்குக் கொடுத்த வீடு குடியிருக்கத் தக்கதன்று என்பது அவருடைய முறைப்பாடுகளுள் ஒன்று. ஏற்பாடு செய்த பக்கத்தொழிலிலும் அவருக்குத் திருப்தியில்லை. அந்த ஆண்டு ஜூன் மாத இறுதியில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதிய ஒப்பந்தத்தில் கைச்சாத்திட மறுத்து, வேறு கழகத்துக்குச் செல்ல அனுமதி கேட்டார். கழகம் மறுத்தது.

"ஒப்பந்தந்தான் முடிந்துவிட்டதே, எழுந்து போகவேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் கயிறு இருந்தது. 1893ஆம் ஆண்டு முதல் ஆங்கில லீக்கில் நடைமுறையிலிருந்த விதியின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் வீரனுடைய பதிவைக் கழகம் தன் கையிலேயே வைத்திருக்கலாம். அவன் வேறு கழகத்துக்கு ஆட முடியாது. கழகம் கொடுக்கும் ஒப்பந்தத்தை ஏற்காவிட்டால் அவனுக்குச் சம்பளமும் இல்லை. வீரன் பக்கத்தில் ஒப்பந்தம் ஓராண்டுக்கு; கழகத்தின் பக்கத்திலோ அது விரும்பும்வரைக்கும்! ஒரு கண்ணுக்கு வெண்ணெய், மறு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது இதுதான்.

ஈஸ்ட்ஹாம் அடங்கவில்லை. தெற்கே சென்று, குடும்ப நண்பர் ஒருவரின் நிறுவனத்திலே தக்கை விற்கும் வேலையில் அமர்ந்தார். இங்கிலாந்தின் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவர், இருபத்துமூன்று வயதிலே, மைதானத்தை விட்டுத் தக்கை விற்றுத் திரிந்த காட்சியைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

அக்காலத்திலே வீரர்களின் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பும் இருந்தது. எத்துணைப் பெரிய வீரராயினும், ஆட்டப் பருவத்திலே வாரத்துக்கு 20 பவுணுக்கு மேல் பெறக்கூடாது. நிலக்கரிச் சுரங்கமும் கப்பல் கட்டுந் துறையும் நிறைந்த அவ்வட்டாரத்தில், "பந்தடித்து 20 பவுண் வாங்குகிறவனுக்கு என்ன குறை?" என்ற கேள்வி எழுவது இயற்கையே. வீரர் சங்கம் மன்செஸ்டரிலே கூட்டிய கூட்டமொன்றிலும் இதே கேள்வி எழுந்ததாகச் சொல்வார்கள். தன் தந்தை சுரங்கத்திலே படும்பாட்டை நினைத்தால் தன் சம்பளம் போதுமென்று ஓர் இளம் வீரர் கூறினாராம். தாமும் சுரங்கத்தில் உழைத்தவரான பொல்டன் வீரர் டொமி பாங்ஸ் எழுந்து, அத்தந்தையின் உழைப்பைத் தாம் மதிப்பதாகவும், ஆனால் அவர் வேலை செய்வதைக் காண ஆயிரமாயிரம் பேர் காசு கொடுத்துக் கூடுவதில்லையென்றும் விடையிறுத்தாராம். வாயிலிலே வசூலாகும் பணம் யாருடைய கால்களைக் காண வந்த பணம் என்பதே அவர் கேட்ட கேள்வி.

மாதங்கள் கடந்தன. கடைசியில் நியூகாஸில் இறங்கிவந்து, அவ்வாண்டின் பிற்பகுதியிலே ஈஸ்ட்ஹாமை 47,500 பவுணுக்கு ஆர்ஸனல் கழகத்துக்குக் கொடுத்தது. 1961 ஜனவரியில், வீரர் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமானதும், சம்பள உச்சவரம்பு ஒழிந்தது. புல்ஹாம் கழகத்து ஜொனி ஹெயின்ஸ் வாரத்துக்கு 100 பவுண் பெறலானார்.

தாம் விரும்பியபடி வேறு கழகம் சேர்ந்துவிட்ட ஈஸ்ட்ஹாம் அதனோடு நின்றிருக்கலாம். ஆனால் அவர் சங்கத்தின் துணையோடு வழக்கைத் தொடர்ந்தார். 1963 ஜூலையில் நீதிபதி வில்பர்போர்ஸ் தீர்ப்பளித்தார்: ஒப்பந்தம் முடிந்தவனைப் பிடித்துவைக்கும் விதி, ஒருவன் தொழில் செய்வதற்கு நியாயமற்ற தடையாகும். அடிமை வியாபாரத்தை ஒழிக்கப் போராடிய வில்லியம் வில்பர்போர்ஸின் வழித்தோன்றல் அந்நீதிபதி என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. ஆனால் ஈஸ்ட்ஹாம் ஆடாதிருந்த காலத்துச் சம்பளம் அவருக்குக் கிடைக்கவில்லை. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் பலர்.

1972இல், முப்பத்தைந்து வயதிலே, ஸ்டோக் சிட்டி கழகத்துக்காக லீக் கிண்ண இறுதியாட்டத்தில் வெற்றிக் கோலை அடித்ததும் இதே ஈஸ்ட்ஹாம்தான். நூறாண்டு கடந்த அக்கழகம் பெற்ற முதற் பெருங் கிண்ணம் அது. 2024 டிசம்பரில் அவர் காலமானார்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். ஈஸ்ட்ஹாமை இழந்த அதே பருவத்தின் முடிவில் நியூகாஸில் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. மீண்டு வர 1965 ஆயிற்று. மழையிலும் பனியிலும் நின்று கைதட்டிய இரசிகனுக்கு அந்த நான்கு ஆண்டுகளை யார் ஈடுசெய்தார்? வீரன் கழகம் மாறலாம், முகாமையாளர் மாறலாம், உரிமையாளரும் விற்றுவிட்டுப் போகலாம். தந்தை கைபிடித்து அழைத்துச் சென்ற கழகத்தை விட்டு மாற இரசிகனுக்குத்தான் மனம் வருவதில்லை. ஆதலின் அவனுடைய சினத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். ஆனால் துயரம் வேறு, நியாயம் வேறு. நம் மனம் புண்பட்டது என்பதனாலே மற்றவன் குற்றவாளியாகிவிட மாட்டான்.

இனி நம் தீர்ப்புக்கு வருவோம். இருவரும் ஆட மறுத்தவர்களே. இருவரையும் ஒரே தராசிலே நிறுத்தல் தகாது. ஈஸ்ட்ஹாம் கொடுத்த வாக்கை முற்றாக நிறைவேற்றி முடித்தவர். முடிந்த பின்னும் அவிழ்க்கப்படாத கயிற்றையே அவர் அறுத்தார். இசாக்கின் நிலை வேறு. ஆறு ஆண்டுக்கு விரும்பிக் கைச்சாத்திட்டவர் அவர். பாதி வழியிலே வாக்கிலிருந்து விடுதலை கேட்டார். 1995ஆம் ஆண்டு பொஸ்மன் வழக்கின் பின்னர், ஒப்பந்தம் முடிந்த வீரர் விலையின்றியே வெளியேறலாம். கயிறு அறுந்துவிட்ட காலத்திலே வாக்கின் பாரம் கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. வாய்மொழியாக உறுதி கிடைத்தது உண்மையாயின், அதனை எழுத்திலே பெற்றுக்கொள்ளாதது அவருடைய பிழை. எழுத்தில்லாத இடத்திலே இரு தரப்பும் தத்தம் நினைவையே சாட்சிக்கு அழைக்கும்.

பந்தடிப்பவர்க்கு மட்டுமன்று இப்பாடம். பள்ளி முடித்து வேலைக்குச் செல்லவிருக்கும் மாணவர்கள், ஒப்பந்தத்தாள் ஒன்று முன்னே நீட்டப்படும்போது சம்பளம் எவ்வளவு என்ற வரியோடு நின்றுவிட வேண்டாம். தவணை முடிந்தபின் நான் விடுபடுவேனா? நான் கட்டுப்படும் அளவுக்கு மறுதரப்பும் கட்டுப்படுகிறதா? வாயாற் சொன்னது எழுத்திலும் உள்ளதா? இம்மூன்றையும் கேட்டுவிட்டுப் பேனாவைத் திறவுங்கள். திறந்து கைச்சாத்திட்டுவிட்டால், தவணை முடியும் நாள்வரை அவ்வாக்கைக் காத்து நில்லுங்கள்.