பூச்சியத் தகுதி

'தகுதி' என்ற சொல்லைத் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டு தாண்டவமாடுகின்றனர், தலைநகரத்துத் தத்துவதரிசிகள். ஏழை வீட்டுப் பிள்ளை மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டால், "தகுதி என்னாவது?" என்கின்றனர். பிற்பட்டோர் பங்கு கேட்டால், "நோயாளியின் உயிர் என்னாவது?" என்று நெஞ்சுருகுகின்றனர். மாநிலம் தன் உரிமை கேட்டாலோ, "நாடு முழுமைக்கும் ஒரே தேர்வு, ஒரே தராசு" என்று ஓதத் தொடங்கிவிடுகின்றனர். ஓதட்டும். அந்தத் தராசுத் தட்டிலே 2023ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் வைக்கப்பட்ட எடைக்கல் எது என்பதை மட்டும் நாம் ஏட்டில் எழுதிவைப்போம். முதுநிலை மருத்துவப் படிப்புக்கான 'நீட்' தேர்விலே, அவ்வாண்டு, தகுதிக்கு வேண்டிய பெர்சன்டைல் பூச்சியம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. எல்லாப் பிரிவினருக்கும் பூச்சியம்! தேர்வு எழுதியவர் எவராயினும் கலந்தாய்வுக்கு வரலாம் என்பது அதன் பொருள். இடங்கள் காலியாகக் கிடந்தனவாம். ஆகவே தகுதி தரையிறங்கிற்றாம். ஏழைக்காக அரை அங்குலம் இறங்க மறுத்த தகுதி, காலி நாற்காலிக்காகக் காலடியில் வந்து விழுந்த காட்சியை நாம் கண்டோம்!

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்பதை அறிய, தில்லிக்குப் போகவேண்டியதில்லை. மாமல்லபுரத்துக் கடற்கரையிலே நின்றால் போதும்.

பல்லவர் குடைந்த கல்லைக் காணப் பாரெங்கும் இருந்து மக்கள் வருகின்றனர். 1984இல் உலக மரபுச் சின்னம் என்று அறிவிக்கப்பட்ட ஊர். கோயிலைக் கண்டவர் அலையையும் காண விழைகின்றனர். அலை சிலரைத் திருப்பித் தருவதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையிலே விடுமுறை நாட்களில் விரையும் வண்டிகளைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. அங்கே அடிபட்டவரை, மூழ்கி மூச்சடங்கியவரை, வலை இழுக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த மீனவரை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்படுகிறது. திருக்கழுக்குன்றம் கடந்து செங்கற்பட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அங்கே, 1965இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் உள்ளன. மேற்கே ஜி.எஸ்.டி. சாலை, அதன் விபத்துகளும் அவ்வாயிலுக்கே வந்து சேர்கின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 64,105 விபத்துகள். மாண்டவர் 17,884 பேர். விபத்தின் எண்ணிக்கையில் இந்தியாவிலேயே முதலிடம் நமக்கு. எந்தெந்த முதலிடமோ கேட்டோம், இதுவும் கிடைத்திருக்கிறது.

அரசு உறங்கிக்கொண்டிருந்தது என்று நாம் கூறமாட்டோம். 2008இல் 108 வண்டி வந்தது. 'தாய்' என்று சுருக்கி அழைக்கப்படும் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வந்தது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளியின் நிலையைப் பிரித்துப் பார்க்கும் முறை வந்தது. 2021 டிசம்பர் 18ஆம் நாள், இதே செங்கற்பட்டு மாவட்டத்து மேல்மருவத்தூரிலே 'இன்னுயிர் காப்போம்' திட்டம் தொடங்கப்பட்டது. விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றி என்பது அதன் உள்ளடக்கம். வண்டி உண்டு, வண்ணம் உண்டு, பணமும் உண்டு. வண்டியின் கதவு திறக்கும் அந்தக் கணத்திலே எதிரில் நிற்கவேண்டிய மருத்துவர் யார், அவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே நம் கேள்வி.

அவசர மருத்துவம் என்பது ஒரு தனித் துறை. அமெரிக்க நாட்டின் சின்சினாட்டிப் பல்கலைக் கழகத்தில் 1970இல் அதற்கென முதற் பயிற்சி தொடங்கிற்று; 1979இல் அங்கே தனித்துறை என்ற ஏற்பும் கிடைத்தது. இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்றுக்கொண்டதோ 2009இல். முப்பதாண்டுத் தாமதம்! அதுவரை விபத்துப் பிரிவு என்பது யாருக்கும் சொந்தமில்லாத திண்ணை. எலும்பு மருத்துவர் வரும்வரை, இதய மருத்துவர் வரும்வரை, நோயாளி காத்துக் கிடக்கும் இடம். அந்தத் துறையின் மருத்துவர் வேறு வகை ஆள். ஏழு பேர் ஒரே நேரத்தில் வந்தால் யாரை முதலில் தொடுவது என்று நொடியில் முடிவு செய்யவேண்டும். உரக்கக் கத்துகிறவனை விட்டுவிட்டு, ஓசையின்றிக் கிடக்கிறவனிடம் ஓடவேண்டும். அலறுகிறவனுக்கு மூச்சு இருக்கிறது. அமைதியாய்க் கிடப்பவனுக்கு அது இருக்கிறதா என்பதே ஐயம். நெப்போலியனின் படையிலே அறுவை மருத்துவராயிருந்த லாரே, தளபதியா சிப்பாயா என்று பாராமல் காயத்தின் கடுமையைப் பார்த்து வரிசை வகுத்தார் என்பது வரலாறு. பதவி பார்க்காத வரிசை! நம் நாட்டுக் கோயில் வாயிலிலும் குளக்கரையிலும் காணக் கிடைக்காத ஒன்று, அந்தப் போர்க்களத்திலே கிடைத்தது.

இதயம் நின்றவனுக்கு மார்பெலும்பை ஐந்து செண்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தவேண்டும். இதை நூலில் படித்துவிடலாம். ஒரே நிமிடத்தில் மனப்பாடமும் ஆகிவிடும். ஆனால் இரண்டு நிமிடம் அழுத்தியபின் கை தளர்வதை, தளர்ந்ததும் வெட்கப்படாமல் அடுத்தவரிடம் மாற்றிக்கொடுக்க வேண்டியதை, பின்னால் நின்று கதறும் தாயின் குரலைக் காதில் வாங்கியும் வாங்காமலும் வேலை செய்வதை, இரவுப் பணிதான் கற்பிக்கும்.

அந்த இரவுப் பணிக்கு நாம் ஒதுக்கியிருக்கும் காலம் எவ்வளவு? 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, மருத்துவ மாணவர் பட்டம் பெறுமுன் ஓராண்டு பயிற்சி மருத்துவராய்ப் பணியாற்றவேண்டும். அந்த ஓராண்டிலே விபத்து, அவசரப் பிரிவுக்கு இரண்டே வாரம்!

அந்த இரு வாரத்தையும் மாணவர் எப்படிக் கழிக்கிறார்? எம்மோடு பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து படித்த தோழர் இருவர் இன்று முதுநிலைத் தேர்வுக்கு ஆயத்தமாகின்றனர். இருவருமே அவசர மருத்துவத்தை விரும்புகின்றனர். ஒருவர் கடலோரக் குப்பத்துப் பிள்ளை. பணி முடிந்தபின்னும் விபத்துப் பிரிவை விட்டு நகராதவர். மூத்த மருத்துவர் மூச்சுக்குழாய் பொருத்துவதை நின்று பார்த்தவர், பின்பு தாமே செய்யக் கற்றவர். மற்றவர் கெட்டிக்காரர்; பெயருக்குத் தலைகாட்டிவிட்டு, கையொப்பமிட்டுவிட்டு, நூலகத்துக்கு நழுவியவர். மாரோ, பிரெப்லேடர் என்று கைப்பேசியிலே கேள்வி வங்கிகள் இருக்கின்றன. சந்தா கட்டினால் பாடமும் கேள்வியும் படுக்கைக்கே வரும். தேர்வுத்தாள் இவ்விருவரில் யாரைத் தழுவிக்கொள்ளும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நழுவியவரை நாம் பழிக்கவில்லை. நழுவினால்தான் இடம் என்று விதி வைத்துவிட்டு, நிற்கவில்லையே என்று மாணவரைக் கேட்பது என்ன நியாயம்?

200 கேள்வி, மூன்றரை மணி நேரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை. சரியென்றால் நான்கு மதிப்பெண், தவறென்றால் ஒன்று கழியும். நாம் பள்ளி ஆசிரியர்கள். வினாத்தாள் தயாரிப்பது நம் தொழில். நான்கில் ஒன்றைத் தொடும் கேள்வியால் எதை அளக்கலாம், எதை அளக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு மாணவன் மூலக்கூறு வாய்பாட்டை அறிவானா என்பதை அளக்கலாம். ஆய்வுக்கூடத்தில் குழாயைக் கையில் பிடிக்கத் தெரியுமா என்பதை அளக்க முடியாது. அதனால்தான் பள்ளியிலேகூடச் செய்முறைத் தேர்வு என்று ஒன்றைத் தனியே வைத்திருக்கிறோம். பள்ளிச் சிறுவனின் உப்புப் பகுப்பாய்வுக்கு இருக்கும் மரியாதை, உயிரைக் கையில் ஏந்தும் மருத்துவனின் கைத்திறனுக்கு இல்லை!

அந்தத் தேர்வையாவது ஒழுங்காக நடத்துகிறார்களா? 2024 ஜூன் 23இல் தேர்வு என்றார்கள். 22ஆம் நாள் இரவு, இல்லை என்றார்கள். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட இளைஞர்கள். பலர் மூட்டை கட்டிக்கொண்டு வெளியூர் போய்ச் சேர்ந்துவிட்ட நேரம். ஆகஸ்டு 11இல் இரு வேளையாக, இருவேறு வினாத்தாளோடு நடத்தினார்கள். அடுத்த ஆண்டும் அப்படியே நடத்த முனைந்தபோது, ஒரே வேளையில்தான் நடத்தவேண்டும் என்று உச்சநீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. ஒரே நாடு, ஒரே தேர்வு என்றவர்களுக்கு ஒரே வினாத்தாள் என்பது மட்டும் மறந்துபோயிற்று.

தர எண் வந்தபின் நடப்பது இன்னொரு கூத்து. முதல் வரிசையில் வந்தோர் கதிர்ப்படத் துறையையும் தோல் மருத்துவத்தையும் பொது மருத்துவத்தையும் நாடுவதே வழக்கம். இரவு விழிக்கவேண்டிய, உறவினரின் வசவையும் சிலவேளை அடியையும் வாங்கவேண்டிய அவசர மருத்துவம் கடைசிப் பந்திக்குத் தள்ளப்படுகிறது. விரும்பியவருக்கு எண் இல்லை. எண் உள்ளவருக்கு விருப்பம் இல்லை. போதாக்குறைக்கு, மருத்துவக் கல்லூரிகளில் அவசர மருத்துவத் துறை கட்டாயம் என்று 2020இல் விதித்த தேசிய மருத்துவ ஆணையம், 2023இல் வகுத்த வரைவிலே கட்டாயத் துறைகளின் பட்டியலிலிருந்து அதை நீக்கிற்று. மூன்றே ஆண்டில் மனமாற்றம்!

"அமெரிக்காவைப் பாருங்கள்" என்று நமக்கு அறிவுரை கூறுவோர் உண்டு. பார்ப்போம். அங்கே அவசர மருத்துவம் பயில விரும்பும் மாணவர், இறுதியாண்டிலே அவசரப் பிரிவில் நான்கு வாரம் அளவில் வேலை செய்கிறார். சிலர் வேறு ஊர் மருத்துவமனைக்கும் சென்று செய்கின்றனர். அவர் வேலையைக் கண்ணால் கண்ட மருத்துவர்கள் குறித்த படிவத்திலே மதிப்பீடு எழுதுகின்றனர், பிறகு நேர்காணல். கையைப் பார்த்துத்தான் இடம் தருகிறார்கள். நல்ல முறைதான். அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்கிவிடலாமா என்றால், கூடாது என்போம் நாம். பரிந்துரைக் கடிதமும் நேர்முகத் தேர்வும் இந்த மண்ணில் எப்படி நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? ஊரைக் கேட்பர், தந்தை பெயரைக் கேட்பர், தோளைத் தட்டிப் பார்ப்பர். 1951இல் வகுப்புரிமை ஆணை உச்சநீதிமன்றத்தில் வீழ்ந்ததே, அந்த வழக்கும் மருத்துவக் கல்லூரி இடத்தை முன்வைத்து எழுந்ததுதான். அதன் விளைவாகவே அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் பிறந்தது. எழுபது ஆண்டு போராடிப் பெற்றதை, ஒரு பேராசிரியரின் பேனா முனைக்கு விட்டுக்கொடுக்க நாம் ஆயத்தமாயில்லை.

கடிதம் வேண்டாம், கணக்கு வேண்டும். உழைப்பைக் கணக்கிடும் முறை நம்மிடம் முன்பே இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு, மாநிலத்தின் முதுநிலை இடங்களில் பாதியைத் தமிழ்நாடு ஒதுக்கிவந்தது. 2016இல் வந்த ஒரு தீர்ப்பு அதைத் தடுமாறச் செய்தது; மருத்துவர்கள் வீதிக்கு வந்தனர்; வழக்காடினர். 2020 ஆகஸ்டு 31இல் ஐவர் கொண்ட அரசியல் சட்ட அமர்வு, அவ்வாறு ஒதுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று உரைத்தது. தொலைதூர ஊர்களில் பணியாற்றிய ஆண்டொன்றுக்குப் பத்து விழுக்காடு வீதம், முப்பது வரை ஊக்க மதிப்பெண் என்பதும் ஒன்றிய விதியிலேயே உள்ளது. மலையிலும் காட்டிலும் கழிந்த ஆண்டை எண்ண முடியுமென்றால், விபத்துப் பிரிவில் விழித்த இரவை எண்ண முடியாதா?

இடையிலே இன்னொன்று. முதுநிலை மருத்துவ இடங்களில் இருப்பிடத்தை வைத்து ஒதுக்கீடு செல்லாது என்று 2025 சனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிமாநில இளைஞர் நம் பகைவரல்லர். நம் மருத்துவமனைகளில் கண்விழித்து உழைப்போர் அவர்களிலும் பலர். ஆயினும் நள்ளிரவில் வரும் கிழவி, "நெஞ்சை அடைக்குது" என்பாள். "மேல்மூச்சு வாங்குது" என்பாள். "கண்ணை இருட்டிக்கிட்டு வருது" என்பாள். மூன்றும் மூன்று நோய்க்கு வாயிலாகலாம். அதைப் பெயர்த்துச் சொல்லச் செவிலியர் ஓடிவரும் நேரத்தில் நோய் நின்று காத்திருக்காது. மற்றத் துறைகளுக்கு மொழி வசதி என்றால், அவசர மருத்துவத்துக்கு அது கருவி.

ஆகவே, ஆள்வோரிடம் நாம் கேட்பவை சில. செங்கற்பட்டு தொடங்கி எல்லா அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் பயிற்சியாண்டின் இரு வாரத்தை எட்டு வாரமாக உயர்த்துக. ஒவ்வோர் இரவுப் பணியும் அன்றன்றே பதியப்படட்டும்; செய்த வேலை எது என்பதைப் பணியிலிருந்த மருத்துவர், செவிலியர் இருவரும் ஒப்பட்டும்; பதிவை எவரும் பார்க்கும்படி வெளியிடுக. அவசர மருத்துவத்துக்கு இடம் கேட்போருக்கு அந்த இரவுகளுக்கென மதிப்பெண் சேர்க்கும் விதியைத் தில்லியிடம் கேட்டு வாங்குக. 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஓர் இம்மியும் குறையாமல் அந்த மதிப்பெண் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் கணக்கிடப்படட்டும். சட்டமன்றம் கூடும்போது செங்கற்பட்டு, திருப்போரூர் உறுப்பினர்கள் இதை எழுப்பட்டும். திருக்கழுக்குன்றம் சாலையில் நள்ளிரவில் வரும் வண்டியைக் கண்டவர்கள்தானே அவர்கள்.