வண்டிக்கு ஒரு வாரியம்

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பாராமல் திரும்புவதில்லை. நாமும் சில மாதங்களுக்கு முன்பு அந்த நோக்கத்துடனேதான் அவ்வூருக்குச் சென்றோம். ஆனால் கல்வெட்டைப் பார்ப்பதற்கு முன்னால் நாம் பார்க்க நேர்ந்தது ஒரு மோட்டார் காரை. அதைவிட முக்கியமாக, அந்தக் காரின் சொந்தக்காரருடைய முகத்தை.

அவர் நம் நெடுநாளைய சிநேகிதர். ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் வாத்தியாரய்யா என்றால் அவர்தான். அவர் கார் வாங்கிப் பதினைந்து ஆண்டுகள் பூர்த்தியாகிவிட்டன. சொந்த உபயோகத்துக்கான கார்களின் பதிவு நம் தேசத்தில் 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும் என்பதும், அதற்குப் பிறகு பரிசோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்பதும் நேயர்கள் அறிந்ததே. வாத்தியாரய்யா காரைக் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் இட்டு ஓட்டிச் சென்றார். கார் தேறவில்லை.

"முப்பத்தைந்து வருஷம் ஊரார் பிள்ளைகளைப் பாஸாக்கினவன் நான். என் வண்டியைப் பெயிலாக்கி அனுப்பிவிட்டார்கள், பார்த்தீர்களா?" என்றார் நம்மிடம்.

அவர் நீட்டிய காகிதத்தை வாங்கிப் பார்த்தோம். முன் விளக்குகளில் ஒன்று மங்கல். மற்றொன்று சாலையைப் பாராமல் வானத்தைப் பார்க்கிறது. பிரேக்கை அழுத்தினால் கார் இடது பக்கம் இழுக்கிறது. கைப்பிரேக் பிடிக்கவில்லை. டயர்களில் பக்கவாட்டு வெடிப்பு. வைப்பர் ரப்பர் கிழிசல். இதில் என்ஜினைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை என்பதுதான் நம்மை வியப்பிலாழ்த்தியது. வாத்தியாரய்யாவோ என்ஜின் நன்றாக ஓடினால் வண்டி நன்றாயிருக்கிறது என்றே பதினைந்து வருஷமாய் எண்ணியிருந்தார். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தானே எண்ணிக்கொண்டிருக்கிறோம்?

"வருஷத்தில் இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி ஐயா இது. காஞ்சிபுரத்தில் கலியாணம் என்றால் எடுப்பேன். இல்லாவிட்டால் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கும். ஓடாத வண்டி எப்படிக் கெடும்?" என்று அவர் கேட்டார்.

இதற்குப் பதில் சொன்னவர் பட்டறைக்கார இளைஞர். அவரும் வாத்தியாரய்யாவின் பழைய மாணாக்கர்தான். "நிக்கிற வண்டிதான் வாத்தியாரய்யா சீக்கிரம் கெடும்" என்றார், சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே.

அவர் விளக்கிய விவரம் நமக்குப் புதிதாயிருந்தது. பிரேக் எண்ணெய்க்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணம் உண்டாம். ஆகையால், கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு தடவை அதை மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் உள்ளேயுள்ள பிஸ்டன் துருவேறி இறுகிக்கொள்கிறது. ஒரு சக்கரம் பிடிக்கும், எதிர்ச் சக்கரம் பிடிக்காது. கார் ஒரு பக்கமாய் இழுக்கும். கைப்பிரேக்கின் கம்பியும் அசைக்காமல் விட்டால் உறைக்குள்ளேயே துருப்பிடித்துவிடுகிறது. டயரின் கதை வேறு. ஓடுகிற டயர் தேய்கிறது. கார் டயரில் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஆகாது என்பது சட்டம். அந்த அளவைக் காட்டப் பள்ளத்துக்குள்ளேயே சிறு மேடுகள் வைத்திருக்கிறார்கள். டயர் தேய்ந்து மேடும் மேற்பரப்பும் சமமானால் அதன் ஆயுள் முடிந்தது. ஓடாத டயரோ தேயாமலே வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. வாத்தியாரய்யாவின் டயர்களில் பள்ளம் புதிது போலிருந்தது. ஆனால் ரப்பர் கிழடு. போதாததற்கு, கொட்டகை வைக்கோலில் குடியிருந்த எலிகள் முன் விளக்குக்குப் போகும் கம்பியைச் சுவை பார்த்திருந்தன!

இந்த அவமானம் நம் சிநேகிதருக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் 1960-ஆம் ஆண்டிலேயே பழைய கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனை ஏற்படுத்தினார்கள். முதலில் பத்து வயதான கார்களுக்கு என்றிருந்ததை, 1967 முதல் மூன்று வயதான கார்களுக்கே என்று ஆக்கிவிட்டார்கள். இவ்வளவு காலம் பழகியும் அங்கே பத்தில் ஏறக்குறைய மூன்று கார்கள் முதல் தடவையில் தேறுவதில்லை. தோல்விக்கான காரணங்களில் முதலிடம் விளக்குகளுக்கு! சொந்தக்காரர் ஒருநாள் மாலை காரைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, விளக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

இதுவரை சிரிப்புக்கு இடமுண்டு. வாடகை வண்டி, லாரி, பஸ் விஷயத்துக்கு வரும்போது சிரிப்பு வரவில்லை. இவற்றுக்குத் தகுதிச் சான்று, அதாவது எப்.சி., எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதற்குமேல் ஆண்டுதோறும் வாங்கவேண்டும். சான்று வாங்கும் நாளைக்கென்று நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, மறுநாள் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடும் சாமர்த்தியசாலிகள் உண்டென்று சொல்வார்கள். துருவுக்கு மேலே பெயிண்டைப் பூசிக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. இவர்கள் ஏமாற்றுவது அதிகாரியையென்று நினைக்கிறார்கள். அந்த டயரின் மேல் உட்கார்ந்து போகிறவர் அதிகாரி அல்லவே!

2012-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதியை நாம் மறக்க முடியவில்லை. அன்று தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் (அது அப்போது காஞ்சிபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது) பள்ளிக்கூட பஸ்ஸில் வீடு திரும்பிக்கொண்டிருந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, பஸ்ஸின் தரையிலிருந்த ஓட்டை வழியாகச் சாலையில் விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி மாண்டாள். அந்த பஸ்ஸுக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தகுதிச் சான்று கொடுக்கப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து விஷயத்தைக் கையிலெடுத்தது. அவ்வாண்டே சர்க்கார் பள்ளி பஸ்களுக்கென்று தனி விதிகளை வகுத்தார்கள். இப்போது ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறப்பதை ஒட்டி, பஸ்களை மைதானத்தில் வரிசையாய் நிறுத்தித் தரை, அவசர வழி, தீயணைக்கும் கருவி எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். நல்லதுதான்.

ஆனால் பஸ்ஸின் தரை ஒரே நாளில் ஓட்டையாகிவிடுவதில்லை. மழைத் தண்ணீர் தேங்கி, துரு அரித்து, தகடு நைந்து போக மாதக்கணக்காகும். அதை அன்றாடம் மிதித்து ஏறி இறங்கியவர்கள் இருந்தார்கள், பெருக்கியவர்கள் இருந்தார்கள். சான்று கொடுத்த அதிகாரி செய்தது பெரும் பிழையே. என்றாலும் அவருக்கு வாய்த்தது ஒரு நாள். மற்ற நாட்களெல்லாம் வண்டி யார் கையிலிருந்தது?

இந்த எண்ணத்தோடுதான் நாம் கல்வெட்டின் முன் போய் நின்றோம். முதற் பராந்தக சோழன் காலத்தது, கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. குடவோலை முறையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வயது முப்பத்தைந்துக்குக் குறையக் கூடாது, எழுபதுக்கு மேற்படக் கூடாது; சொந்த மனையில் வீடு வேண்டும்; முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் ஆகார். மனிதனுக்கே அக்காலத்தில் எப்.சி. வைத்திருந்தார்கள்! ஆனால் தேறியவர் என்ன செய்யவேண்டும் என்பதையும் அந்தச் சுவரே சொல்கிறது. ஏரி வாரியத்துக்கு அறுவர். அவர்கள் முந்நூற்றறுபது நாளும் ஏரியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். குடத்திலிருந்து ஓலை எடுப்பது ஒரு நாள் வேலை. கரையையும் மதகையும் கவனிப்பது முந்நூற்றறுபது நாள் வேலை.

திரும்பி வந்து இதை வாத்தியாரய்யாவிடம் சொன்னோம். அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. மேஜை அறையில் எதையோ தேடத் தொடங்கினார்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் அவ்வூர்ப் பக்கம் போக நேர்ந்தது. கார் இரண்டாவது தடவையில் தேறிவிட்டது. கொட்டகையை விட்டு இடம் மாறி, வாசலில் ஓலைக் கீற்றின் நிழலில் நின்றது. வாத்தியாரய்யா கையில் பழைய ஆஜர்ப் பட்டியலுடன் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்தார். பேரன் காருக்கு முன்னும் பேத்தி காருக்குப் பின்னும் நின்றார்கள்.

"முன் விளக்கு, இடது?"

"உள்ளேன் ஐயா!" என்றான் பேரன்.

"வலது?"

"உள்ளேன் ஐயா!"

"பிரேக் விளக்கு, வலது?"

பின்னாலிருந்து சிறிது நேரம் சத்தமில்லை. "வரலை, தாத்தா" என்றாள் பேத்தி.

வாத்தியாரய்யா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, அந்தப் பெயருக்கு நேரே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். பிறகு பேரனைப் பட்டறைக்கு அனுப்பினார்.