எந்தத் தலைக்கு எந்தத் துணி?

கடையில் வாங்குவதைவிடக் கையால் செய்வதே சிறந்தது என்று வாதிடும் கூட்டத்தைச் சேர்ந்தவள் நான். இன்றும் அந்தக் கருத்தை நான் கைவிடவில்லை. ஆனால் இவ்வாண்டு எங்கள் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி, "கையால் செய்துவிட்டால் மட்டும் போதுமா?" என்று என்னையே கேட்க வைத்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

என் வகுப்புத் தோழி ஒருத்தி 'ஃப்ளீஸ்' என்னும் செயற்கைக் கம்பளித் துணியில் கழுத்துத்துண்டு செய்வதைக் கைபேசியில் பார்த்துக் கற்றுக்கொண்டாள். செய்முறை மிக எளிது. துணியை ஓரடி அகலம், ஐந்தடி நீளத்துக்கு வெட்ட வேண்டும். இரு முனைகளையும் நான்கு விரற்கடை ஆழத்துக்குக் கத்தரிக்கோலால் கீறிவிட்டால் அதுவே குஞ்சம். ஊசியும் வேண்டாம், நூலும் வேண்டாம். வெட்டிய ஓரம் பிரியாது. ஏனெனில் அது பாவும் ஊடையுமாக நெய்த துணியன்று. கண்ணி கண்ணியாகப் பின்னி, மேற்புறத்தில் இழைகள் எழும்பும்படி வாரிவிட்ட துணி. நீல நிறத்தில் ஒன்று செய்து எனக்குப் பொங்கல் பரிசாகத் தந்தாள். நான் அதை என் அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்பவர். தையில் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கினால் மழைக்காலம் வரும்வரை அங்கேதான் பிழைப்பு. விடியுமுன் கிளம்பிவிடுவார். மாசிப் பனியில் அந்த நீலத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அவர் போனபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அன்று நண்பகலில் திரும்பி வந்தவர் துண்டைத் திண்ணையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"பாப்பா, இது பனிக்குத்தான் ஆவும். வெயில் ஏறுனா தலையில அடுப்ப வச்ச மாதிரி இருக்குது. உப்பு வேற ஒட்டிக்கிச்சு, உதறுனாலும் போவல."

மறுநாள் பழையபடி நூற்புடவைக் கிழிசலை முக்காடாகப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வேதியியல் படிக்கும் எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டாமா? ஃப்ளீஸ் என்பது பாலியஸ்டர். அது தன் எடையில் அரை விழுக்காடு ஈரத்தைக்கூட ஏற்பதில்லை. பருத்தியோ இயல்பான காற்றிலேயே ஏறத்தாழ எட்டு விழுக்காடு ஈரத்தை ஏற்று வைத்திருக்கும். பருத்தி வியர்வையை உறிஞ்சும். அந்த ஈரம் காற்றில் உலரும்போது தலை குளிரும். ஃப்ளீஸ் தன் மென்மயிருக்குள் காற்றைச் சிறைப்பிடித்துச் சூட்டை வெளியே விடாமல் காக்கும். அதற்கென்றே பிறந்த துணி அது. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்த மால்டன் மில்ஸ் ஆலையில், குளிர்நாட்டு மக்களுக்காக அது உருவானது. உதகையில் இருப்பவரும் கனடாவில் வாழும் நம் உறவினரும் அதை வீட்டில் வெட்டிக் கழுத்தில் சுற்றிக்கொள்ளட்டும். குற்றம் துணியின்மேல் இல்லை. யார் அணியப் போகிறார்கள் என்று கேளாமல் கொடுத்த என்மேல்தான்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் துண்டைத் துவைத்த வாளியின் அடியில் நீல நிறத்தில் மெல்லிய தூசு படிந்திருந்தது. பாலியஸ்டர் ஆடை ஒன்று ஒரே சலவையில் 1,900-க்கும் மேற்பட்ட இழைகளை உதிர்க்கக்கூடும் என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அவை மக்குவதில்லை. சாக்கடை வழியே ஓடி, இறுதியில் கடலை அடைகின்றன. அந்தக் கடல்நீரைத்தானே நாம் பாத்தியில் தேக்கி உப்பாக்குகிறோம்? இந்தியக் கடலுப்பில் நுண்நெகிழித் துகள்களும் இழைகளும் இருப்பதை மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018-இல் எடுத்துக்காட்டினார்கள். கடல்நீரை மணல் வழியே வடிகட்டினால் அவற்றில் பெரும்பகுதியை நீக்கிவிடலாம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அம்மாவின் தலைச்சூட்டைத் தணிக்காத துணி, அம்மா வாரும் உப்பில் இழையாகக் கலக்கவும் வேண்டுமா? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பு விளைவிப்பவரையும் சற்று நினைப்போமே!

அப்படியானால் எதைச் செய்வது? பழைய நூற்புடவையோ வேட்டியோ எந்த வீட்டில் இல்லை? அதில் ஒரு கெஜம் அகலம், இரண்டு கெஜம் நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். இது நெய்த துணியாதலால் ஓரம் பிரியும். இருமுறை மடித்து ஓட்டுத்தையல் போடுங்கள். அரைமணி நேர வேலை. கடற்காற்றில் பறக்காமல் தாடைக்குக் கீழே கட்டிக்கொள்ள இரண்டு நாடா தையுங்கள். பிடரியை மூடும் அளவுக்குப் பின்புறம் தொங்கட்டும். வெளிர் நிறமாக இருந்தால் வெயிலைக் குறைவாக வாங்கும். மிஞ்சும் கிழிசலைச் சுருட்டினால் கூடை சுமக்கச் சும்மாடும் ஆயிற்று. மாலையில் நல்ல தண்ணீரில் அலசினால் உப்பு கரைந்து போய்விடும். நாடாவைச் சேர்க்கச் சொன்னது நானல்ல, அம்மாதான். கேட்டுச் செய்வதில் உள்ள பயன் இதுதான்.

இதைக் கேட்ட ஆசிரியர் ஒருவர், "நீங்கள் துணி கொடுத்துவிட்டால், நிழலும் குடிநீரும் தர வேண்டியவர்கள் தங்கள் கடமையை மறந்துவிட மாட்டார்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. எத்தனை நல்ல துணியும் ஒரு நிழற்கூரைக்கு ஈடாகாது. கண்ணைக் கூசும் வெண்மைக்கும், உவர்நீரில் வெடிக்கும் பாதத்துக்கும் துணி என்ன செய்யும்? ஆகவே கூரையும் குடிநீரும் கேட்பதை நாம் நிறுத்தக் கூடாது. ஆனால் அவை வரும்வரை நாளைக் காலை வெயில் காத்திருக்காது. கேட்பதும் தைப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

நம் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. வரும் மார்கழி விடுமுறையில் ஆளுக்கொரு பழைய நூற்புடவையோடு வாருங்கள். முதல்நாள் உப்பளத்துப் பெண்களிடம் போய்க் கேட்போம். இரண்டாம் நாள் தைப்போம். என் தோழி முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டாள். கத்தரிக்கோல் பிடிப்பதில் அவளுக்கு நிகர் நம் வகுப்பில் இல்லை. நீலத் துண்டு இப்போது என்னிடம் இருக்கிறது. மார்கழி விடியலில் திண்டிவனம் பேருந்துக்கு நிற்கும்போது கழுத்தில் சுற்றிக்கொள்வேன். துவைப்பதை மட்டும் குறைத்துக்கொண்டேன்.

— மூன்றாம் ஆண்டு வேதியியல் மாணவி