ஐப்பசி விராலும் அமெரிக்க வீடியோவும்

மொதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது தூண்டில் போடறவங்களைத் திட்டுற பதிவு கிடையாது. நானும் தூண்டில் கட்சிதான். மூங்கில் கழி, தங்கூஸ், மயிலிறகுக் காம்புல தக்கை, தேங்காய் ஓட்டுல மண்புழுன்னு ஆரம்பிச்சு, ரீல் வெச்ச ராடு வரைக்கும் வந்தாச்சு. என் சண்டை ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில குஞ்சு காத்துக்கிட்டு நிக்கிற விராலை, ரப்பர் தவளை போட்டு இழுத்து, கையில தூக்கிப் பிடிச்சு போட்டோ எடுக்கறீங்களே, அதுக்குத்தான்.

பண்ருட்டியில இருக்கறவனுக்கு ஏரிக்குப் பஞ்சமே இல்ல. கெடிலத்தை ஒட்டி இருக்கற ஊர் ஏரிங்க ஒரு பக்கம். குறிஞ்சிப்பாடி பக்கம் போனா பெருமாள் ஏரி, வாலாஜா ஏரி. இன்னும் தெற்கே போனா, பத்தாம் நூற்றாண்டுல சோழ இளவரசன் ராஜாதித்தன் வெட்டினதா சொல்ற வீராணம். நம்ம கடலூர் மாவட்டத்துல வருஷத்து மழையில பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டிடும். ஏரி ரொம்பும். கரையோரப் புல்லெல்லாம் முழங்கால் தண்ணியில நிக்கும். அப்பதான் ஞாயித்துக்கிழமை ஆனா பைக் பின்னாடி ராடு கட்டிக்கிட்டு கூட்டம் கெளம்புது.

அவங்க எப்படிப் பிடிக்கிறாங்கன்னு பாருங்க. கரையில நடந்துக்கிட்டே தண்ணியில ஒரு இடத்தைத் தேடுவாங்க. ஏதோ ஒரு புல்லோரத்துல, செங்கல் பொடியைத் தூவின மாதிரி செவப்பா ஒரு கூட்டம் மேல வந்து குமுகுமுன்னு மூச்சு விட்டுட்டு உள்ள போகும். அதுதான் விரால் குஞ்சு. அந்தக் கூட்டத்து நடுவுல ரப்பர் தவளையை விட்டெறிஞ்சு இழுப்பாங்க. அடியில நிக்கிற பெரிய விரால் பாஞ்சு வந்து ஒரே அடி! ராடு வளையும், கூட வந்தவன் கத்துவான், வீடியோ முடிஞ்சுது.

இதுல என்ன திறமை இருக்கு சொல்லுங்க? அந்த மீன் பசியில வந்து அடிக்கல. அதுக்கு அந்த நேரத்துல இரையே ரெண்டாம்பட்சம். தன் குஞ்சுக்கு நடுவுல எதுவோ பூந்துடுச்சுன்னு கோவத்துல வந்து அடிக்குது. தவளை போட்டாலும் அடிக்கும், செருப்பைக் கட்டிப் போட்டாலும் அடிக்கும். வாசல்ல குழந்தையை வெச்சுக்கிட்டு நிக்கிற ஆளைக் கல்லால அடிச்சு வெளிய இழுத்துட்டு, "நான் பெரிய வேட்டைக்காரன்"னு சொல்றதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

விராலைப் பத்தித் தெரியாதவங்களுக்குக் கொஞ்சம் சொல்லிடறேன். கெண்டை மாதிரி முட்டையைப் போட்டுட்டுப் போயிடற ஜாதி இல்ல இது. கரையோரத்துல புல்லை விலக்கி வட்டமா ஒரு இடம் பண்ணி, அதுல முட்டை விடும். முட்டை தண்ணிக்கு மேல மிதக்கும். ஒண்ணு ரெண்டு நாள்ல பொரிச்சிடும். பொரிச்ச நாள்ல இருந்து குஞ்சுங்க செவப்பு மாறி, சொந்தமா பொழைக்கத் தெரிஞ்சு பிரியற வரைக்கும், ஏறத்தாழ ஒரு மாசம் தாயோ தகப்பனோ கூடவே நிக்கும். விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, மேல வந்து காத்தையும் குடிச்சாகணும். அதனாலதான் மார்க்கெட்ல அலுமினியப் பாத்திரத்துல துளி தண்ணியில உயிரோட கிடக்குது. குஞ்சுங்களும் இதே மாதிரி மேல வந்து போகும்போதுதான் நம்ம ஆளுங்க கண்ணுல படுது. பொழைக்கறதுக்காக வர்ற மூச்சே அதுக்கு எமனா ஆயிடுது.

பெருசு போயிடுச்சுன்னா என்ன ஆகும்? நீர்க்காகம் இருக்கு, மீன்கொத்தி இருக்கு, தண்ணிப்பாம்பு இருக்கு, ஜிலேபி இருக்கு. காவல் இல்லாத குஞ்சுக் கூட்டம் எத்தனை நாள் தாங்கும்? நீங்க தூக்கிட்டுப் போறது ஒரு கிலோ மீன் இல்ல. அந்த ஒரு கிலோவோட ஒரு பெரிய குடும்பமே போகுது.

சரி, இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்துது? இங்கதான் விஷயமே இருக்கு. யூட்யூப்ல அமெரிக்காக்காரன் பாஸ் மீன் பிடிக்கிற வீடியோவைப் பார்த்து வந்துது. செப்டம்பர், அக்டோபர் ஆனா அவன் ஏரிக்குக் கெளம்பிடுவான். மரமெல்லாம் மஞ்சளா, செவப்பா இருக்கும். ரப்பர் தவளையைப் புல்லு மேல குதிக்க விடுவான். பாஸ் பாஞ்சு அடிக்கும். பார்க்க அழகாத்தான் இருக்கு, நானும் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பார்த்திருக்கேன். ஆனா ஒரு கணக்கை யோசிச்சுப் பாருங்க. பாஸ் முட்டை விடறது வசந்த காலத்துல. ஆண் மீன் குழி பறிச்சு முட்டையையும் குஞ்சையும் காக்கறது அப்பத்தான். இலையுதிர் காலத்துல அந்த வேலையெல்லாம் முடிஞ்சு, குளிர் வர்றதுக்கு முன்னாடி வயித்தை ரொப்பிக்கத் திரியும். குட்டி மீன் கூட்டத்தைத் துரத்திக்கிட்டு ஆழம் கொறஞ்ச இடத்துக்கு வரும். அதாவது அவன் அக்டோபர்ல பிடிக்கிறது பசியில வர்ற மீனை.

நம்ம அக்டோபர் எது? ஐப்பசி. நம்ம விராலுக்கு அதுதான் பிரசவ மாசம். அவன் ஊர் காலண்டரை வாங்கிட்டு வந்து நம்ம ஏரிக்கரையில மாட்டினா எப்படிங்க? அவன் ஊர் அக்டோபருக்கு இங்க ஈடு, அறுவடை முடிஞ்ச தை, மாசிதான். ராடை வாங்கினீங்க, ரீலை வாங்கினீங்க, கூடவே சீசனையும் ஏன் வாங்கினீங்க?

அவன் ஊர்லயும் இதைப் பத்தி யோசிக்காம இல்ல. கனடாவுல ஒண்டாரியோ மாகாணத்தோட தென்பகுதியில, பெரும்பாலான இடங்கள்ல, பாஸ் குஞ்சு காக்கற வசந்த காலத்துல அதைப் பிடிக்கவே கூடாது. ஜூன் மாசம்தான் சீசன் திறப்பாங்க. காவல் மீனைத் தூக்கினா மத்த மீனுங்க சில நிமிஷத்துல கூட்டுக்குள்ள பூந்துடுதுன்னு ஆராய்ச்சி பண்ணியே பார்த்துட்டாங்க. இந்தப் பாடத்தை எந்த வீடியோவும் காட்ட மாட்டேங்குது :-)

"அட, அமெரிக்காவுலயே விரால் குஞ்சுக் கூட்டத்துல தவளை போட்டுப் பிடிக்கிறானே, நான் பார்த்தேனே"ன்னு ஒரு தம்பி மடக்கினார். பார்த்திருப்பீங்க. அது ஏன்னு தெரியுமா? 2002ல மேரிலாந்து மாகாணத்துல குரோஃப்டன்ங்கற ஊர்க் குட்டையில ஆசியாவுல இருந்து போன ஒரு விரால் ஜாதி கிடைச்சுது. ஊரே அலறிச்சு. குட்டைக்கு விஷம் வெச்சுக் கொன்னாங்க. 2004ல போட்டோமாக் ஆத்துலயும் அது இருக்கறது தெரிஞ்சுது. அந்த ஊருக்கு அது வந்தேறி மீன். ஒழிஞ்சா போதும்னு நினைக்கிறான், அதனால தாயையும் பிடிப்பான், குஞ்சையும் அழிப்பான். அங்க அது களை, இங்க அது விதைநெல். களையைப் பிடுங்கற வீடியோ பார்த்துட்டு வந்து நாத்தங்கால்ல கை வைக்கலாமா?

இதுக்கு நம்ம ஆளுங்க சொல்ற சமாதானம் மூணு.

ஒண்ணு: "பிடிச்சுட்டு திரும்ப விட்டுடறோம்ணா." முள்ளைக் கழட்டி, எடை போட்டு, நாலு கோணத்துல போட்டோ எடுத்து விடறதுக்குள்ள அங்க காவல் இல்லாத வீட்டுல என்ன நடந்திருக்கும்? சண்டை போட்டு சோர்ந்த மீன் அதே கூட்டத்துக்கே திரும்பிப் போகும்னு யார் உத்தரவாதம் தர்றது? மத்த மாசத்துல பிடிச்சு விடுங்க, கைதட்டறேன். இந்த மாசத்துல அது செல்லாது.

ரெண்டு: "வலைக்காரன் அள்ளலையா? குத்தகைக்காரன் அள்ளலையா?" அள்றாங்கதான். ஆனா அது அவங்க பொழப்பு, உங்களுக்கு ஞாயித்துக்கிழமை பொழுதுபோக்கு. அதுவும் வலைக்கு குஞ்சு காக்கற மீன், காக்காத மீன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. நீங்கதான் குஞ்சைக் கண்ணால தேடிப் பார்த்து, அங்கயே குறி வெச்சு எறியறீங்க. வலையில பட்டது விபத்து, உங்க கையில நடக்கறது முடிவு பண்ணிச் செய்யறது.

மூணு: "விரால் சேத்துல கூட பொழைக்கும், அதை யாராலயும் அழிக்க முடியாது." வறட்சியில பொழைக்கும், உண்மைதான். ஆனா பொறக்க விட்டாத்தானே பொழைக்கும்? ஏற்கெனவே அதுக்கு இருக்கற எதிரி போதாதா? கட்லா, ரோகு வளர்க்கறவங்களுக்கு விரால் ஒரு வேண்டாத விருந்தாளி. குஞ்சு விடறதுக்கு முன்னாடி இலுப்பைப் புண்ணாக்கு போட்டுக் குளத்தைச் சுத்தம் பண்றப்ப மொத பலி அதுதான். 1952ல இந்தியாவுக்குள்ள கொண்டு வந்த ஜிலேபி இன்னிக்கு எந்த ஏரியில இல்ல? தடை பண்ணின ஆப்பிரிக்கக் கெளுத்தி வேற. இத்தனைக்கும் நடுவுல இது குஞ்சு பொரிச்சிருக்கு. அதையும் நாமளே கெடுக்கணுமா?

நம்ம ஊர்ப் பழக்கம் வேற மாதிரி இருந்துது. மேலூர், சிங்கம்புணரி, பொன்னமராவதி பக்கமெல்லாம் இன்னிக்கும் மீன்பிடித் திருவிழா நடக்குது பாருங்க, எப்ப நடக்குது? அறுவடை முடிஞ்சு, கோடையில தண்ணி வத்தினப்புறம். ஊரே எறங்கி ஊத்தா, கூடை, வலைன்னு அள்ளும். அவங்க மீனோட பிரசவ காலம் பார்த்து வெச்ச கணக்குன்னு நான் ரீல் விட மாட்டேன். தண்ணி வத்தினா பிடிக்கறது சுலபம், பாசனத்துக்கும் இடைஞ்சல் இல்ல, அவ்வளவுதான். ஆனா பலன் என்ன? மழைக்காலம் முழுக்க மீனுக்கு விடுதலை. கடலுக்குப் பாருங்க, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகக் கூடாதுன்னு 61 நாள் தடை. கடலூர் துறைமுகத்துல படகெல்லாம் வரிசையா நிக்கும். அன்னாடம் கடலை நம்பிச் சாப்பிடறவங்க ரெண்டு மாசம் பொறுத்துக்கறாங்க. ஏரிக்கு அப்படி ஊரறிஞ்ச தடைக்காலம் கிடையாது. ஏரி மீனை ஏலம் விடறப்ப குத்தகைப் பத்திரத்துல இதுக்கு ரெண்டு வரி சேர்க்கணும்னு கிராம சபையில கேக்கறதுல தப்பே இல்ல. அது வர்ற வரைக்கும், சம்பளம் வாங்கிக்கிட்டு லீவு நாள்ல ராடு பிடிக்கிற நம்மால ரெண்டு மாசம் பொறுக்க முடியாதா?

பண்ருட்டிக்காரனுக்கு இதைத் தனியா வேற சொல்லணுமா? 2011 டிசம்பர்ல தானே புயல் வந்து பலாவையும் முந்திரியையும் ஒரே ராத்திரியில சாய்ச்சுட்டுப் போச்சு. காய்க்கிற மரம் போனா திரும்ப வர்றதுக்கு எத்தனை வருஷம் ஆகும்னு இந்த ஊருக்குத் தெரியும். அது புயல் பண்ணினது, தடுக்க முடியாது. இது நாமளே பண்றது.

நான் கேக்கறது ரொம்பக் கொஞ்சம்தான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி பாதி வரைக்கும் தவளை டப்பாவை மூடி வையுங்க. கை அரிச்சா ஜிலேபிக்குப் போடுங்க, எத்தனை பிடிச்சாலும் ஏரிக்கு நல்லதுதான், வறுத்தா ருசியும் கொறச்சல் இல்ல. வேற காலத்துலயும் செவப்பா குஞ்சுக் கூட்டம் கண்ணுல பட்டா நரம்பைச் சுத்திக்கிட்டு பத்தடி தள்ளிப் போங்க. அந்த இடத்தை வீடியோவுல காட்டாதீங்க. தை பொறக்கட்டும், தண்ணி தெளியட்டும், குஞ்சுங்க பிரிஞ்சு போகட்டும். அப்புறம் பசியோட வர்ற விராலோட மோதிப் பாருங்க, அதுதான் ஆட்டம். அன்னிக்கு உங்க போட்டோவுக்கு மொத விசில் என்னுது.

டிஸ்கி: "ஆபரேஷன் ஆனவங்களுக்கு விரால் குழம்பு வேணுமே, அதுக்கு என்ன பண்றது"ன்னு கேக்கறவங்களுக்கு: மார்க்கெட்ல வளர்ப்பு விரால் வருது, தாராளமா வாங்கிக் குடுங்க. குஞ்சு காக்கற விரால்தான் புண்ணை ஆத்தும்னு எந்த டாக்டரும் எழுதித் தரல!