சுவரில் தாத்தா இருக்கட்டும்

புதுவீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம். அதனால் தாத்தாவும் பாட்டியும் பரணுக்குப் போய்விடுகிறார்கள். ‘படமெல்லாம் செல்போனில் இருக்கிறதே’ என்று சமாதானம் வேறு. செல்போனில் இருப்பதை நாமாகத் தேடினால்தான் உண்டு; சுவரில் இருப்பது தேடாதவர் கண்ணிலும் படும். ‘நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார், பின்னால் நிற்பது யார்?’ என்று பேத்தி கேட்கும்போதுதான் குடும்பக் கதை அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறது. யாருக்கு நாற்காலி கிடைத்தது, என்ன நகை, என்ன புடவைக்கட்டு என்று பழைய ஸ்டுடியோ படங்கள் அந்தக் காலத்தின் வீட்டு அதிகாரத்தையும் சேர்த்தே சொல்கின்றன. 1880 முதல் 1980 வரையிலான தமிழக ஸ்டுடியோ படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிப்பிடித்து மின்படியாக்கியது சும்மா இல்லை. இறந்த பிறகுதான் சட்டம், மாலை, சின்ன பல்பு என்ற வழக்கத்தையும் விட்டுவிடலாம். உயிரோடிருக்கும் அத்தையும் சுவரேறட்டும். வெயில் நேராக விழாத, ஓதம் ஏறாத சுவராகப் பாருங்கள். படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பெயர் தெரியாத படத்தை மூன்றாம் தலைமுறை பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடும்.